லைப்ரரி டிரெண்ட்ஸ்: முதுகில் பெயரில்லாத நான்கு நூல்கள்

நூலக வரலாற்றில் ஆய்வைத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், ‘லைப்ரரி டிரெண்ட்ஸ்’ இதழின் பழைய தொகுதிகள் பைண்டு செய்த நிலையில் விலைக்கு வந்திருக்கின்றன, வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் நூலகவியல் பள்ளியிலிருந்து வந்த வெளியீடுகளில் இதைவிட நான் அதிகம் சார்ந்திருப்பது வேறொன்றில்லை என்பதால், அந்தப் பதிலுக்கு விளக்கம் தர வேண்டியவனாகிறேன்.

1952 ஜூலையில் தொடங்கிய இந்தக் காலாண்டிதழ், வந்து சேரும் கட்டுரைகளை வரிசைப்படி அச்சிடும் வழக்கமான ஆய்விதழ் அன்று. ஒவ்வோர் இதழுக்கும் ஒரு பொருள் உண்டு. அந்தப் பொருளை அறிந்த ஒருவர் சிறப்பாசிரியராக அமர்ந்து, எந்தக் கேள்வியை யார் எழுதுவது என்று திட்டமிடுகிறார். கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களைப் பற்றிய முதல் இதழை ராபர்ட் டவுன்ஸ் தொகுத்தார். இப்படித் திட்டமிட்டு எழுதப்படுவதால், ஒரு துறை குறிப்பிட்ட ஓர் ஆண்டில் எதைத் தீர்ந்துபோன விஷயமாகக் கருதியது, எதைப் பற்றி இன்னும் வாதிட்டுக்கொண்டிருந்தது என்பது ஒரே இதழுக்குள் தெரிந்துவிடுகிறது. அதிலும் சிறப்பாசிரியரின் முன்னுரையே எனக்குக் கிடைத்த எதிர்பாராத செல்வம். தொடக்கத்தில் நான் அதைத் தாண்டிக் கட்டுரைகளுக்குத்தான் போவேன். இப்போது பல இதழ்களில் முன்னுரைக்காகவே திரும்பிப் போகிறேன். எந்தக் கட்டுரை எதற்கு மறுமொழியாக நிற்கிறது, எந்தப் பகுதி எழுதப்படாமல் விடப்பட்டது என்பதை வேறெங்கும் அவ்வளவு நேர்மையாகச் சொல்லிப் படித்ததில்லை.

அந்த முன்னுரையைத்தான் பைண்டு செய்த தொகுதி மறைத்துவிடுகிறது. தொகுதிக்கு நான்கு இதழ்கள். பக்க எண் நான்கிலும் இடைவிடாமல் தொடர்கிறது. நான்கையும் ஒன்றாகத் தைக்கும்போது, அட்டைகளைக் கழற்றிவிட்டு, முதுகில் தொகுதி எண்ணையும் ஆண்டையும் மட்டும் பொறித்துவிடுகிறார்கள். நான் படிக்கும் நூலகத்தில் உள்ளவை எல்லாம் அப்படித்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு நூல்கள், நான்கு தொகுப்பாசிரியர்கள், நான்கு முன்னுரைகள். வெளியே தெரிவது ஓர் எண். போதாக்குறைக்கு, தொகுதி ஜூலையில் தொடங்குவதால் முதல் தொகுதி 1952–53 ஆகிறது. 1953இல் வந்த ஒரு கட்டுரையைத் தேடுகிறவர், அது முதல் தொகுதியிலா இரண்டாம் தொகுதியிலா என்று இரண்டையும் புரட்ட வேண்டும். பல ஆண்டுகளாகப் பழகிய பிறகும் இந்த எரிச்சல் எனக்குக் குறையவில்லை.

நியாயமாகப் பார்த்தால், தொடர் பக்க எண் பழைய ஆய்விதழ்களுக்கெல்லாம் பொதுவான மரபு. தொகுதியும் பக்கமும் தெரிந்தால் கட்டுரையைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற பயனும் அதற்கு உண்டு. குறை, மேற்கோள் காட்டும் நம் வழக்கத்திலும் இருக்கிறது. ஒரு தொகுப்பு நூலிலுள்ள கட்டுரையைச் சுட்டும்போது நூலின் பெயரையும் தொகுப்பாசிரியரையும் தவறாமல் எழுதுகிறோம். அதே உழைப்பில் உருவான சிறப்பிதழுக்கு அந்த மரியாதையைத் தருவதில்லை. தொகுதி, எண், பக்கம் என்று மூன்று எண்களோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்த எண்களைப் பின்பற்றி வரும் மாணவர் ஒரு கட்டுரையை மட்டும் படியெடுத்துக்கொண்டு போகிறார். பக்கத்தில் இருப்பது அதற்கான மறுப்பு என்று அவருக்குச் சொல்ல யாருமில்லை.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ‘ஐடியல்ஸ்’ மின் களஞ்சியத்தில் பழைய இதழ்கள் கட்டணமின்றித் திறந்து கிடக்கின்றன. அங்கே ஒவ்வோர் இதழும் தன் பொருளின் பெயரோடு நிற்கிறது. புதிய இதழ்களை இப்போது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிடுகிறது; அவை ‘புராஜெக்ட் மியூஸ்’ தளத்தில் வருகின்றன. தாளின் மீது எனக்குள்ள பற்று பெரியது. ஆனாலும் பைண்டு செய்த தொகுதிக்குப் பணம் கொடுக்க என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

நண்பர் எதையாவது தாளில் வாங்கியே தீர வேண்டுமென்றால், அதே பள்ளி 1949 முதல் வெளியிட்ட ‘அக்கேஷனல் பேப்பர்ஸ்’ வரிசையைத் தேடட்டும். இதழில் அடங்காத அளவு நீளமாகவோ நுணுக்கமாகவோ அமைந்த ஆய்வுகளுக்கென்றே வந்த சிறு வெளியீடுகள் அவை. ஒன்றுக்கு ஒரு பொருள், அட்டையிலேயே பெயர். நூலகங்களில் கணினியைப் புகுத்துவது பற்றி 1963 முதல் அங்கே நடந்த பயிலரங்குகளின் கட்டுரைத் தொகுப்புகளும் அப்படியே. தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளியின் பெயரில் ‘தகவல் அறிவியல்’ என்பது 1981இல் சேர்ந்தது. 2016இல் ‘நூலகம்’ என்ற சொல்லே நீங்கிவிட்டது. பட்டியலில் ஒரு பெயரில் கிடைக்காதது இன்னொரு பெயரில் இருக்கக்கூடும்.

நூலகங்களில் பைண்டிங்குக்கு அனுப்பும் பொறுப்பில் இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த இதழின் நான்கு அட்டைகளையும் கழற்றாமல் உள்ளேயே வைத்துத் தையுங்கள். முதுகில் இடமிருந்தால் நான்கு பொருள்களின் பெயரையும் பொறிக்கச் சொல்லுங்கள்.