கடலோர ஊருக்கு எந்த மடக்குக் கத்தி: பெங்குவினா, எலிமென்டமா?

தூத்துக்குடியில் இருந்துகொண்டு தினமும் பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி தேடியபோது, கடைசியில் இரண்டுதான் மிஞ்சின. ஒன்று க்யூஎஸ்பி நிறுவனத்தின் பெங்குவின், லைனர் லாக் போட்டது; அதாவது திறந்த பிளேடை பிடிக்குள் இருக்கும் உலோகப் பட்டை ஒன்று தாங்கிப் பிடிக்கும். இன்னொன்று சிவிவி எலிமென்டம், பட்டன் லாக் போட்டது; பிடியில் உள்ள பட்டனை அழுத்தினால்தான் பூட்டு விடும். இரண்டும் சீனத் தயாரிப்பு. நான் எலிமென்டத்தை வாங்கினேன். பெங்குவின் என் மச்சானிடம் இருக்கிறது. அவரிடம் கேட்டு வாங்கி நானும் கொஞ்ச காலம் பயன்படுத்தினேன். அதனால் எலிமென்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியும். பெங்குவின் பற்றிச் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சீனக் கத்தி என்றாலே மட்டம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குவாங்டாங் மாகாணத்தில் யாங்ஜியாங் என்று ஒரு கடலோர ஊர் இருக்கிறது. கத்தித் தொழிலுக்கே பேர்போன ஊர். வீ நைஃப், கைசர் போன்ற நிறுவனங்கள் அங்கிருந்துதான் வருகின்றன. வீ நைஃப் டைட்டானியம் பிடி போட்ட விலை உயர்ந்த கத்திகளைச் செய்கிறது. அதே நிறுவனம் நடுத்தர விலைக்கென்று 2018-இல் தொடங்கிய பிராண்டுதான் சிவிவி. மடக்கினால் பிளேடு பிடியின் நடுவில் சரியாக உட்காருகிறது, திறந்து பிடித்து அசைத்தால் ஆட்டம் இல்லை, பெட்டியைத் திறந்ததுமே காகிதத்தைக் கிழிக்காமல் சீவுகிறது. இரண்டு கத்தியிலும் இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பெங்குவினின் பிளேடு 7.8 செ.மீ. அளவு, எலிமென்டமும் அளவு எதுவானாலும் 9 செ.மீ.க்குள்தான். விலையில் பெங்குவின் ஏறத்தாழ பாதி. இதற்கு மேல் பொதுவான விஷயங்களில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

என் முடிவைத் தீர்மானித்தது துரு. பெங்குவினின் பிளேடு டி2 இரும்பு. நான் வாங்கிய எலிமென்டத்தில் நைட்ரோ-வி.

டி2-வுக்கு நல்ல பெயர் உண்டு. அது சும்மா வந்த பெயரும் இல்லை. ஆலைகளில் தகடு வெட்டும் அச்சுகளுக்குப் பயன்படும் இரும்பு அது. ஒன்றரை சதவீத அளவுக்கு கார்பன், 12 சதவீத அளவுக்கு குரோமியம். 12 சதவீதம் குரோமியம் இருந்தால் துருப்பிடிக்காதே என்று தோன்றும். ஆனால் கார்பன் இவ்வளவு அதிகமாக இருப்பதால் குரோமியத்தில் பெரும்பகுதி அதோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினமான துகள்களாக மாறிவிடுகிறது. அந்தத் துகள்கள்தான் கூர் சீக்கிரம் தேயாமல் காக்கின்றன. துருவைத் தடுக்க இரும்புக்குள் தனியாக மிஞ்சுகிற குரோமியம் குறைவு. ஆகவே டி2 முழு ஸ்டெயின்லெஸ் கிடையாது, பாதி வழி வந்த இரும்பு.

நைட்ரோ-வி வேறு வழியில் போகிறது. சவர பிளேடுக்காக உருவான ஏஇபி-எல் என்ற இரும்புதான் அதன் அடிப்படை; அதில் கொஞ்சம் நைட்ரஜனும் வனேடியமும் சேர்த்திருக்கிறார்கள். குரோமியம் 13 சதவீத அளவுதான், ஆனால் கார்பன் டி2-வில் பாதிகூட இல்லை. அதனால் குரோமியம் பெரும்பாலும் இரும்பிலேயே தங்கி அதைக் காக்கிறது.

காகிதத்தில் பார்த்தால் கூர் நிற்பதில் டி2-தான் ஜெயிக்கும். அட்டைப்பெட்டியை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தால் நிஜத்திலும் ஜெயிக்கும். ஆனால் இந்த ஊரில் காற்றே உப்பு. கத்தி இருப்பது வியர்வை படிகிற பேன்ட் பாக்கெட்டில். வெட்டுவதோ எலுமிச்சை, மாங்காய், சில நாள் மீன் பையின் நைலான் கயிறு. தெரிந்தவர் ஒருவரின் டி2 கத்தியை அருகில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இரவு எலுமிச்சை வெட்டிவிட்டு, துண்டில் துடைத்து மடக்கி வைத்திருக்கிறார். காலையில் கூரை ஒட்டி, மிளகுத்தூள் தூவியது போல் பழுப்புப் புள்ளிகள். துடைத்தால் புள்ளி போய்விட்டது. ஆனால் விரல் நகத்தில் கூரை மெல்ல ஓட்டினால் அங்கங்கே தட்டியது. காகிதத்தில் இழுத்தால் அந்த இடங்களில் மாட்டியது.

நான் அழுத்திச் சொல்ல வருவது இதுதான். துரு என்றால் பிளேடின் பக்கத்தில் வரும் கறை, அழகுப் பிரச்சினை என்றே பலரும் நினைக்கிறோம். கத்தியில் மிக மெல்லிய இடம் கூர்தான். புளிப்பும் உப்பும் முதலில் தின்பது அதைத்தான். கறுப்புப் பூச்சு உள்ள பிளேடு வாங்கினாலும் இதிலிருந்து தப்ப முடியாது. சாணை பிடித்த ஓரத்தில் பூச்சு இருக்காது. ஒன்றையும் வெட்டாமல் வைத்திருக்கும்போதே கூர் போகிறது என்றால், தேய்மானத்தைத் தாங்கும் இரும்பு என்பதால் இங்கே என்ன லாபம்? உப்புக் காற்று உள்ள ஊரில், எந்தக் கத்தி அதிக நாள் கூராக இருக்கும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் துருதான்.

எலிமென்டத்தை நான் பெரிதாகப் பேணுவதில்லை. புளிப்பு வெட்டினால் தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் திறந்தே வைப்பேன். அவ்வளவுதான், இதுவரை பிளேடில் ஒரு புள்ளி இல்லை. கூர் மட்டும் டி2-வைவிடச் சீக்கிரம் தணிகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சாதாரணக் கல்லிலேயே சில இழுப்பில் திரும்பி வந்துவிடுகிறது. டி2-வை அந்தக் கல்லில் தீட்டினால் கை வலிக்கும். வைரத் தகடு வேண்டும். எந்தக் கத்தியானாலும் தெருவில் சக்கரத்தில் சாணை பிடிக்கக் கொடுக்காதீர்கள். உரசலில் ஏறும் சூட்டில் மெல்லிய ஓரத்தின் பதம் போய்விடும்.

சரி, பெங்குவினுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். அது திரும்பும் இடத்தில் வாஷர் இருக்கிறது. எலிமென்டத்தில் சிறு குண்டுகள் ஓடும் பேரிங். பேரிங் இருப்பதால் எலிமென்டம் வழுக்கிக்கொண்டு திறக்கிறது, ஆனால் மணல் புகுந்தால் உடனே கரகரக்கும். கடற்கரைக்கு எடுத்துப்போய் வந்தால் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவ வேண்டியிருக்கிறது. வாஷர் இந்த விஷயத்தில் பொறுமைசாலி. கழற்றிச் சுத்தம் செய்வதும் பெங்குவினில் எளிது. பட்டன் லாக்கில் உள்ளே பட்டனும் ஸ்பிரிங்கும் இருப்பதால் பழக்கமில்லாதவர் திருகைக் கழற்றாமல் இருப்பதே நல்லது. பட்டனில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: மடக்கும்போது விரல் பிளேடின் பாதையில் இருக்காது. லைனர் லாக்கில் கட்டைவிரலை உள்ளே விட்டுத்தான் தள்ளியாக வேண்டும். பட்டன் பல வருஷ உழைப்பில் தேயுமா என்று கேட்டால், என் கத்திக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை.

மச்சானுக்கு வேலை கோவையில், குடோனில். நாள் முழுக்க அட்டையும் ஸ்ட்ராப்பிங் பட்டையும்தான் வெட்டுகிறார். அவருக்கு டி2 மிகப் பொருத்தம், விலையும் குறைவு. எனக்கு அவர் வேலை இருந்தால் நானும் பெங்குவினே வாங்கியிருப்பேன். அதன் உருவம் பிடித்துப்போய் துருவுக்கு மட்டும் பயப்படுகிறவர்களுக்கு, டைட்டானியம் பிடியும், டி2-வைவிடத் துருவை நன்றாகத் தாங்கும் 154சிஎம் என்ற இரும்பில் செய்த பிளேடும் கொண்ட பெங்குவின் ஒன்றும் இருக்கிறது, விலை ஏறும்.

இவற்றுக்குக் கீழே சான்ரென்மு 7010 இருக்கிறது. சின்னது, முழுக்க உலோகப் பிடி, விலை மிகக் குறைவு. முதல் கத்தியாக யாருக்கும் தாராளமாகச் சொல்வேன். கான்சோ என்ற சீன நிறுவனத்தின் கத்தியும் நல்ல உழைப்பாளிதான். ஆனால் அந்த நிறுவனத்தின் பழைய மாடல்கள் பல, மற்ற நிறுவனங்களின் வடிவத்தை அப்படியே எடுத்தவை. பெங்குவினும் எலிமென்டமும் சொந்த வடிவத்தோடு நிற்பதால் என் பணம் அந்தப் பக்கம்தான் போகும்.

டி2 ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், பிளேடில் உணவு வெட்டும் பலகைக்குப் பூசும் மினரல் ஆயிலை மெல்லத் தடவி வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்து மூட்டில் அழுக்கைச் சேர்க்கும். எலிமென்டம் வாங்கப் போகிறவர்கள் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். 2019-இல் வந்த முதல் எலிமென்டம் லைனர் லாக்கும் டி2 பிளேடும் கொண்டது. அது இன்றும் அதே பெயரில் விற்பனையில் உண்டு. விலை குறைவாகத் தெரிந்தால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். விவரப் பகுதியில் பிளேடு என்ற வரிக்கு எதிரே நைட்ரோ-வி என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.