மேலூர் இ-சேவை மையம்: நேட்டிவிட்டி வாங்கப் போறவங்க கவனத்துக்கு

எங்க வீட்டுக்காரருக்குப் புனேயில வேலை. பொண்ணு ஒன்பதாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அங்கதான் படிச்சா. இப்போ தியாகராசர் இன்ஜினியரிங் காலேஜ்தான் வேணும்னு நிக்கிறா. 8 முதல் 12 வரை தமிழ்நாட்டுலயே படிச்ச பிள்ளைங்ககிட்ட இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல நேட்டிவிட்டி சர்டிபிகேட் (தமிழ்நாட்டுக்காரங்கதான்னு காட்டுற பிறப்பிடச் சான்று) கேக்க மாட்டாங்க. நடுவுல ஒரு வகுப்பு வெளி மாநிலம்னாலும் அது வேணும்.

மதுரையில ஒரு நெட் சென்டர்ல ஐந்நூறு ரூபாய் கேட்டாங்க, பேப்பரைப் பிரிச்சுக்கூடப் பாக்கல. மேலூர் இ-சேவையில 60 ரூபாய்தான், கையில ரசீதும் தந்துட்டாங்க.

ஆனா நான் எழுத வந்தது காசுக்காக இல்ல. அங்க உக்காந்திருந்த தங்கச்சி, கம்ப்யூட்டர் பக்கம் திரும்புறதுக்கு முன்னாடியே எங்க பேப்பரை எல்லாம் மேசையில பரப்பி வச்சு ஒவ்வொண்ணாப் படிச்சுச்சு. புனே ஸ்கூல் டிசியில அப்பா பேருக்குப் பின்னாடி தாத்தா பேரை முழுசாப் போட்டிருக்கு. நம்ம ரேஷன் கார்டுல வெறும் இனிஷியல். அதுமேல விரலை வச்சு, "அக்கா, இது ரெண்டும் ஒரே ஆள்தான்னு விஏஓ எப்படி நம்புவாரு? சாரோட பத்தாவது மார்க் ஷீட் இருந்தா கொண்டு வாங்க"ன்னுச்சு. மாமியார் வீட்டு டிரங்குப் பெட்டியில இருந்து எடுத்துட்டு வந்தோம். அவர் படிச்சது இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம்தான்னு அதுலயே இருக்கு. பிள்ளை எங்க படிச்சிருந்தாலும் அப்பா இந்த ஊர்க்காரர்னு சொல்ல அதைவிட என்ன வேணும்? கேட்டு வாங்கி ஏத்துன அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும்.

போகும்போது போன் கையில இருக்கட்டும், ஓடிபி வரும். கேன் நம்பர் (இ-சேவையில மனு போட நம்ம பேருக்குக் குடுக்குற பதிவு எண்) இல்லாட்டி அங்கேயே பதிஞ்சு குடுக்குறாங்க. மனு விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) ரெண்டு பேரையும் தாண்டி மண்டலத் துணை வட்டாட்சியர்கிட்டப் போகும். விஏஓ போன் பண்ணுனா உடனே எடுத்துப் பேசுங்க, ஒரிஜினலோட வரச் சொல்லுவாரு. முடிஞ்சதும் மெசேஜ் வரும். டிஜிட்டல் கையெழுத்தும் க்யூஆர் கோடும் இருக்குறதால சீல் வாங்க அலைய வேண்டியதில்ல.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு அங்க நிக்கவே இடம் இருக்காது. வெளி மாநிலத்துல பிள்ளையைப் படிக்க வைக்கிறவங்க பரீட்சை முடிஞ்ச கையோட போய்க் குடுத்துடுங்க.