தம்பு செட்டி தெரு வக்கீல் ஆபீஸ்: பழைய கோர்ட் டிகிரியோடு போன அனுபவம்

தண்டையார்பேட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். சரக்கு எடுத்த கான்ட்ராக்டர் பணம் தராமல் இழுத்ததால் கேஸ் போட்டு 2016-ல் டிகிரி (எனக்குச் சாதகமான கோர்ட் தீர்ப்பாணை) வாங்கினேன். அப்பாவின் வைத்தியச் செலவில் அந்தக் கேஸ் கட்டு பீரோவிலேயே கிடந்தது.

முதலில் பார்த்த வக்கீல் நேராக ஜப்திக்கே மனு போட்டார். நோட்டீஸ் கேட்கவில்லை என்று மனு திரும்பி வந்தது. மூன்று மாதம் வீண்.

அப்புறம்தான் இந்த ஆபீஸ். மாடிப்படி குறுகல், பெரியவர்களுக்குக் கஷ்டம். ஆனால் வக்கீல் மேடம் டிகிரி நகலைக் கையில் வாங்கியதும் தேதியைத்தான் தேடினார், பென்சிலால் வட்டம் போட்டார். "12 வருஷம் வரைக்கும் நிறைவேற்று மனு, அதாவது டிகிரியை அமல்படுத்தச் சொல்லும் மனு, போடலாம் சார், பயப்படாதீங்க. ஆனா டிகிரி ஆகி 2 வருஷம் தாண்டிடுச்சே. சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 21, ரூல் 22 படி, ஏன் நிறைவேற்றக் கூடாதுன்னு எதிர்த்தரப்புக்கு கோர்ட் நோட்டீஸ் போகணும்" என்றார். எதிராளி இறந்து வாரிசுகள் மேல் போனாலும் இதே நோட்டீஸ் வேண்டுமாம். முன்பே ஒரு மனு போட்டு, அதே ஆள் மேல் கடைசி உத்தரவு வந்து 2 வருஷம் ஆகவில்லை என்றால் தேவையில்லை. தாமதத்தால் நியாயமே கெட்டுவிடும் என்று தெரிந்தால், காரணத்தை எழுதிவைத்து கோர்ட்டே நோட்டீஸை விட்டுவிடலாம்.

இவ்வளவையும் ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளுக்காகவே இவர்களை மனதாரப் பரிந்துரைக்கிறேன். பேட்டா (நோட்டீஸ் அனுப்பக் கோர்ட்டில் கட்டும் கட்டணம்) கட்டிய ரசீது வரை கையில் தருகிறார்கள். போன் மட்டும் மாலை 6 மணிக்கு மேல்தான் எடுப்பார்கள். எதிராளிக்கு நோட்டீஸ் சார்வாகிவிட்டது (போய்ச் சேர்ந்துவிட்டது), அடுத்த வாய்தாவுக்குக் காத்திருக்கிறேன்.