கரப்பானுக்கு வருடக் காண்ட்ராக்ட்டா, சேம்பர் மூடியா?

எங்கள் வீடு சென்னை நங்கநல்லூரில். கீழ்த்தளமும் மாடியும் உள்ள தனி வீடு, கட்டி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. மூன்று வருடம் பூச்சி மருந்து காண்ட்ராக்ட் போட்டிருந்தேன். அப்புறம் அதை விட்டுவிட்டு, கழிவுநீர்க் குழாய், சேம்பர் (குழாய்கள் வந்து சேரும், மூடி போட்ட தொட்டி), ட்ராப் (பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்கும் வாய்க்கு அடியில் இருக்கும் கிண்ணம்) என்று மண்ணுக்குள் பணத்தைப் போட்டேன். இரண்டரை வருடமாகக் காண்ட்ராக்ட் இல்லை. என் ஓட்டு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை. தனி வீடு என்றால் சேம்பர் பக்கம்தான்.

முதலில் காண்ட்ராக்ட். வருடத்துக்கு மூன்று முறை வருவார்கள், 18% ஜிஎஸ்டி சேர்த்து 4,720 ரூபாய் கட்டினேன். சமையலறையில் ஜெல், பாத்ரூம் ஓரங்களிலும் சாக்கடை வாயிலும் ஸ்ப்ரே. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வந்த பையன்கள் தங்கமானவர்கள், வேலையிலும் குறை சொல்ல முடியாது. முதல் மாதமே மிக்ஸிக்குப் பின்னால், ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கத்தில் குடியிருந்த சின்னக் கரப்பான்கள் காணாமல் போயின. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் பாத்ரூம் லைட்டைப் போட்டால் விரல் நீளத்துக்கு ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டு நிற்கும். அம்மா ஒருநாள் கேட்டார்: "சின்னது போய்ப் பெரிசு வந்துருக்கு. இதுக்காடா நாலாயிரம் குடுத்தே?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் ஒன்று புரிந்தது. சின்னதும் பெரியதும் ஒரே பூச்சியின் குட்டியும் தாயும் இல்லை, இரண்டு வேறு ஜாதி. கழுத்துக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகளோடு வெளிர் பழுப்பாக இருப்பது ஜெர்மன் கரப்பான். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வளராது. அட்டைப்பெட்டியிலோ மளிகைச் சாமானிலோ ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, அலமாரி இடுக்கிலேயே குடும்பம் நடத்தும். பெட்டை முட்டைக்கூட்டை வயிற்றோடு சுமந்தே திரியும், ஒரு கூட்டில் முப்பது நாற்பது முட்டை. சிவப்புப் பழுப்பாக, நாலு சென்டிமீட்டர் வரை வளர்ந்து, கோபம் வந்தால் பறக்கவும் செய்கிறதே, அது அமெரிக்கக் கரப்பான். அதற்குச் சொந்த வீடு நம் வீடு இல்லை. சேம்பரும் மேன்ஹோலும் பழைய செப்டிக் டேங்கும்தான். நம் பாத்ரூமுக்கு அது வெறும் விருந்தாளி. விருந்தாளியை மருந்தடித்துக் கொன்றாலும் அடுத்தவன் அதே வழியில் வருவான். கூட்டுக்குள் இருக்கும் முட்டையை ஸ்ப்ரே ஒன்றும் செய்வதில்லை.

ஆக, உள்ளே இருக்கும் சின்னதுக்கு ஜெல் போதும். அதை நாமே வைக்கலாம், காண்ட்ராக்ட் வேண்டாம். ஃபிப்ரோனில் 0.05% அல்லது இமிடாக்ளோப்ரிட் 2.15% என்று போட்ட சிரிஞ்ச் பூச்சி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. மிளகு அளவில் ஒவ்வொரு சொட்டாக அலமாரிக் கீல், சிங்க் அடி, ஃப்ரிட்ஜ் பின்புறம், கேஸ் அடுப்பு மேடையின் இடுக்கு ஆகிய இடங்களில் வைக்க வேண்டும். தின்ற கரப்பான் பொந்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் மற்றவை தின்று அவையும் சாகும். ஒரே நிபந்தனை, ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. ஸ்ப்ரே வாடைக்குக் கரப்பான் ஜெல் பக்கமே வராது, இரண்டு செலவும் வீண். போரிக் பவுடர், கோதுமை மாவு, சர்க்கரை பிசைந்த உருண்டையையும் அம்மா பல வருடம் வைத்திருக்கிறார். வேலை செய்யும், மெதுவாக. தவழும் குழந்தையோ நாயோ இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

பெரியதுதான் விஷயம். அதற்கும் எங்கள் வீட்டில் அடிக்கடி சாக்கடை அடைத்துக்கொண்டதற்கும் ஒரே காரணம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அடைப்புக்கு நான் பார்த்த வைத்தியங்கள் மூன்று. பவுடர், ராடு, மெஷின்.

பவுடர் என்பது காஸ்டிக் சோடா. சிங்க்கில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் சூடு கிளம்பும், கொழுப்பைக் கரைக்கும். முடியிருக்கும் பாத்ரூம் குழாயில் எனக்கு ஓரளவு பலன் தந்தது. சமையலறையில் நேர்மாறு. காரணம் எங்கள் போர் தண்ணீர் என்று நினைக்கிறேன். காஸ்டிக் சோடா எண்ணெயோடு சேர்ந்தால் சோப்பாகிறது, சோப்பு செய்யும் முறையே அதுதான். அந்தச் சோப்பு உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்தால் கரையாத வெள்ளைப் பிசினாகி உறைந்துவிடும். பக்கெட் ஓரத்தில் படிகிறதே, அதே சமாசாரம். பிளம்பர் அண்ணன் வளைவைக் கழற்றியபோது உள்ளே மெழுகுவர்த்தி மாதிரி ஒரு கட்டி இருந்தது. "பவுடர் போட்டீங்களாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பவுடர் போட்டுச் சரியாகவில்லை என்று அதன் மேல் ஆசிட் ஊற்றுபவர்கள் உண்டு. அது கொதித்து முகத்தில் தெறிக்கும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அடைத்த பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

ராடு என்றால் ஸ்பிரிங் ராடு. ஒரு தடவைக்கு 600 ரூபாய் கொடுத்தேன். எங்கள் அடைப்புகளில் முக்கால்வாசி இதிலேயே போனது. மெஷின், அதாவது பிரஷரில் தண்ணீர் அடிப்பது, ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டேன். பிரமாதமாகச் சுத்தமானது, ஆனால் ஒற்றை அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

காசு செலவழிக்கும் முன் அடைப்பு யாருடையது என்று பாருங்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் தண்ணீர் ஏறி நிற்கிறதென்றால் அடைப்பு தெருவில். சென்னைக் குடிநீர், கழிவுநீர் வாரியமான மெட்ரோ வாட்டரின் 1916-க்குப் புகார் செய்யலாம். மழைநீர் வடிகால் என்றால் அது மாநகராட்சி, 1913. நம் வீட்டில் மட்டும் என்றால் காம்பவுண்டுக்குள், நம் தலைவலி.

காம்பவுண்டுக்குள் என்ன இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. இந்தப் பகுதி ஆலந்தூர் நகராட்சியாக இருந்தபோது பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தது, வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட். அப்பா கட்டிய ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டோம். இணைப்புக் கொடுத்தபோது பழைய செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்து மூடியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரோ ஒரு மேஸ்திரி அதன் வழியாகவே குழாயைத் தெருவுக்குக் கொண்டுபோயிருந்தார். டேங்க் அப்படியே. போதாக்குறைக்கு மொட்டைமாடி மழைக்குழாயையும் பக்கத்து சேம்பரில் சொருகியிருந்தார். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் தரைத்தளப் பாத்ரூமில் தண்ணீர் எதிர்த்து வந்ததற்கு அதுதான் காரணம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வந்த தண்ணீரை மறக்க முடியாது. அதோடு வெளியேறிய கரப்பான்களையும்.

டேங்கைக் காலி செய்ய வந்தவர்களில் ஒருவர், "அடியில கொஞ்சம் கசடு நிக்குது சார், நான் இறங்கி வழிச்சுடறேன், அஞ்சு நிமிஷம்" என்றார். வேண்டாம் என்று கை கூப்பினேன். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் மாட்டுவார். சட்டம் கிடக்கட்டும், உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் அளவு கூடும்போது மூக்கே மரத்துப்போகும். நாற்றம் இல்லை என்று நினைத்துக்கொண்டே ஆள் விழுவார். லாரி ஹோஸ் மறுபடி ஒரு நடை வந்து உறிஞ்சியது, கூட 1,500 ஆனது. அவ்வளவுதான்.

கணக்கைச் சொல்கிறேன். டேங்கைக் காலி செய்து, குழாயை நேராக மாற்றி, உள்ளே கல்லும் மணலும் நிரப்பி மூடியதற்கு எல்லாம் சேர்த்து 14,000. மூன்று சேம்பர் பூச்சும் மூடியும் 9,000. பாத்ரூம் தரையில் இருக்கும் ஐந்து ட்ராப்பை (நானி ட்ராப் என்பார்கள்) மாற்றியது 4,500. மழைக்குழாயைப் பிரித்து மழைநீர்த் தொட்டிக்குத் திருப்பியது 3,500. மொத்தம் 31,000. ஆறரை வருடக் காண்ட்ராக்ட் பணம். ஆகவே மலிவு என்று சொல்ல வாயில்லை.

என்னைச் சாய்த்தது பணமில்லை, மூடி.

பழைய வீடுகளில் சேம்பர் மூடி என்பது கான்கிரீட் பலகை. இரண்டு பேர் கடப்பாரையோடு வந்தால்தான் அசையும். ஒவ்வொரு முறையும் திறந்து முடித்ததும் நாற்றம் வரக் கூடாது என்று சுற்றிலும் சிமெண்ட் பூசிவிட்டுப் போவார்கள். அடுத்த முறை அந்தப் பூச்சை உடைக்க வேண்டும், உடைக்கும்போது பலகையின் மூலை பெயரும், பெயர்ந்த ஓட்டை வழியாகக் கரப்பான் வரும், பெருச்சாளியும் வரும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். உடைக்கக் கூலி, பூசக் கூலி, சத்தம், தூசி. இதனால் என்ன ஆகிறதென்றால், அடைத்து வழிந்து முற்றத்தில் நிற்கும்வரை யாரும் சேம்பரைத் திறப்பதில்லை. எங்கள் வீட்டில் ஒரு சேம்பர் பதினொரு வருடம் திறக்கப்படாமல் இருந்தது. உள்ளே வேப்பமர வேர், ஒரு குழந்தைப் பந்து, செங்கல் பாதி. ராடு போட்டபோதெல்லாம் அந்தச் செங்கல்லைச் சுற்றி ஒரு வழி கிடைத்துத் தண்ணீர் போனது. நாலு மாதம் கழித்து மறுபடி அடைத்தது. தேங்கிய கசடு கரப்பானுக்கு வருடம் முழுக்கச் சாப்பாடு. அங்கே விளைந்ததற்கு நான் பாத்ரூமில் மருந்தடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது போட்டிருப்பது எஃப்ஆர்பி, அதாவது ஃபைபர் பிளாஸ்டிக் மூடி, ஃப்ரேமோடு வருவது. கொக்கியை மாட்டி நானே ஒரு கையால் தூக்குவேன். ஃப்ரேம் பள்ளத்தில் கிரீஸ் தடவினால் வாடை வராது, பூச்சி வராது, சிமெண்ட் வேண்டாம். கார் ஏறும் இடம் என்றால் கடையில் சொல்லி அதற்கேற்ற கனத்தில் வாங்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மூடியையும் தூக்கி, மாடியில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டச் சொல்லிப் பார்க்கிறேன். தடையில்லாமல் ஓடினால் மூடிவிடுவேன். ஓரத்தில் வெள்ளையாகக் கொழுப்புப் படிந்திருந்தால் நீளக் கரண்டியால் சுரண்டி எடுத்துக் குப்பையில் போடுவேன். கால் மணி நேரம். ஆவணி கடைசியில், மழைக்கு முன், பிளம்பர் அண்ணன் வந்து ஒருமுறை ராடு விட்டுவிட்டுப் போவார். இரண்டரை வருடத்தில் அடைப்பு ஒன்றே ஒன்று, அதுவும் விருந்தாளி போட்ட டிஷ்யூ பேப்பர்.

நானி ட்ராப்பிலும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அதில் இரண்டு அங்குலம் தண்ணீர் தேங்கி நின்றால்தான் சாக்கடைக் காற்றும் பூச்சியும் ஏறாது. புழங்காத மாடி பாத்ரூமில் சித்திரை வெயிலுக்கு அது காய்ந்துவிடும். வாரம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். ஊருக்குப் போகும் முன் நாலு சொட்டு சமையல் எண்ணெயும் விட்டால் காய்வது தள்ளிப்போகும். கழிவறை வென்ட் குழாயின் தலையில் நைலான் வலை கட்டுவது கொசுவுக்காக, பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததே.

காண்ட்ராக்ட்டே வேண்டாமா என்றால், கரையானுக்கு நான் அவர்களைத்தான் கூப்பிடுவேன், கூப்பிட்டேன். சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்கி அடைப்பது நம் கைவேலை இல்லை. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் அவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும், கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கினால் வேறு ஆள். மூட்டைப்பூச்சியும் அப்படித்தான். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு நான் சொன்னதில் பாதி பொருந்தாது. சேம்பர் அசோசியேஷன் கையில், பக்கத்து வீட்டுக் கரப்பான் குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட் வழியாக வரும். அங்கே கட்டடம் மொத்தத்துக்கும் காண்ட்ராக்ட் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரரின் சேம்பருக்கு 31,000 போடவும் மாட்டார். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் மூடி எவ்வளவு லேசாக இருந்தாலும் குனிந்து தூக்க ஆள் வேண்டும்.

எலிக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. சேம்பர் மூடியபின் பெருச்சாளி வரவில்லை, ஆனால் மாமரத்துச் சுண்டெலி இன்னும் சமையலறைக்கு வருகிறது. பொறி வைத்திருக்கிறேன். தேங்காய்ப் பத்தையைத் தின்றுவிட்டு மாட்டாமல் போகிறது.

பெரிய கரப்பான் அடியோடு ஒழிந்ததா என்றால், இல்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு கண்ணில் படும், பெரும்பாலும் தெரு மேன்ஹோலில் வேலை நடந்த மறுநாள். அதற்கு அம்மா விளக்குமாறு வைத்திருக்கிறார். காண்ட்ராக்ட் ஆபீஸிலிருந்து இப்போதும் வருடா வருடம் போன் வருகிறது. "ரினியூவல் சார்?" என்று கேட்பார்கள், கரையானுக்கு மட்டும் ரேட் சொல்லுங்கள் என்பேன்.