கரண்ட் போய் வந்த பிறகு: விண்டோஸ் ஷேரா, என்எஃப்எஸ்ஸா?

பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ஐப்பசியில் சாயங்கால இடி தொடங்கிவிட்டால் கரண்ட் போவதும் வருவதுமாகத்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகையைத் தமிழிலும் மலையாளத்திலும் அடித்துத் தரும் டிடிபி கடைகளில் கம்ப்யூட்டர்கள் எழுந்துவிடும், ஃபைல்கள் இருக்கும் சர்வர் மெதுவாகத்தான் வரும். அதற்குள், “இசட் டிரைவ் ஓப்பன் ஆகல அண்ணா” என்று குரல் வந்துவிடும். சர்வரின் ஃபோல்டரைத்தான் இசட் டிரைவாக மாட்டியிருப்பார்கள். ஃபைல்களை இப்படி நெட்வொர்க்கில் பகிர விண்டோஸ் ஷேர் ஒரு வழி, லினக்ஸில் வழக்கமான என்எஃப்எஸ் இன்னொரு வழி. கரண்ட் போய் வந்தால் இரண்டும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

விண்டோஸ் ஷேர், அதாவது எஸ்எம்பி, சர்வர் விழுந்தால் அதிகம் காத்திருக்காது. சீக்கிரமே பிழை காட்டிவிடும். வேலை செய்துகொண்டிருந்த டிசைன் திறந்தே இருந்தால் அதை மூடாதீர்கள். ‘சேவ் ஆஸ்’ கொடுத்து டெஸ்க்டாப்பில் ஒரு பிரதி எடுத்துவிட்டு அப்புறம் கோளாறைப் பாருங்கள்.

பிழை 53 வந்தால் சர்வரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். ரவுட்டரும் சேர்ந்து அணைந்து எழுந்திருந்தால் சர்வருக்கு வேறு ஐபி (நெட்வொர்க் முகவரி) கிடைத்திருக்கலாம். பெயரில் திறக்காத ஷேர் ஐபியில் திறந்தால் கோளாறு பெயர் தேடலில். பிங் போகிறது, அதாவது சர்வர் பதில் தருகிறது, ஷேர் மட்டும் திறக்கவில்லையா? சர்வரில் விண்டோஸ் நெட்வொர்க்கை ‘பப்ளிக்’ என்று மாற்றிவைத்து ஃபயர்வால், ஷேருக்கான வழியான 445-ஆம் போர்ட்டை அடைத்திருக்கலாம். பிழை 1219 என்றால் ஒரே சர்வருக்கு இரண்டு யூசர் பெயரில் இணைப்பு. ‘நெட் யூஸ்’ கட்டளையில் பழைய இணைப்பை அழித்தால் போதும்.

லினக்ஸ் பக்கத்து என்எஃப்எஸ்ஸின் குணம் வேறு. சர்வரின் ஃபோல்டரை இணைத்துக்கொள்வதை மவுண்ட் என்பார்கள். அது ‘ஹார்டு’ மவுண்ட்டாக இருந்தால் சர்வர் வரும்வரை புரோகிராம் அப்படியே நிற்கும். திரை உறைந்தது போலத் தெரியும், ஆனால் சர்வர் எழுந்ததும் எழுதிக்கொண்டிருந்தது விட்ட இடத்திலிருந்து தொடரும். ‘சாஃப்ட்’ மவுண்ட் கொஞ்சம் முயன்றுவிட்டுப் பிழையைத் திருப்பித் தந்துவிடும். புரோகிராம் அதைக் கவனிக்காவிட்டால் ஃபைல் பாதியில் கெட்டுப்போகும். உறையக் கூடாது என்பதற்காக ‘சாஃப்ட்’ போடுவதை நான் ஒப்பவே மாட்டேன்.

லினக்ஸ் சர்வரில் என்எஃப்எஸ் பதிப்பு 4 ஓடினால் எழுந்ததும் வழக்கமாக 90 நொடி பழைய பூட்டுகளை (ஒரே ஃபைலில் இருவர் மோதாமல் காப்பவை) மீட்க ஒதுக்கும். அந்த நேரத்தில் புதிதாகப் பூட்டுக் கேட்கும் புரோகிராம் தடுமாறும். பொறுமையிழந்து சர்வரை மறுபடி அணைத்தால் அந்தக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

என்எஃப்எஸ்ஸில் என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. சர்வரில் டேட்டா டிஸ்க் மவுண்ட் ஆவதற்கு முன்பே ஷேர் வெளியே போய்விட்டால் (எக்ஸ்போர்ட் ஆகிவிட்டால்), கிளையன்ட்டில், அதாவது ஷேரைப் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில், ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்ற பிழை வரும், இல்லை காலி ஃபோல்டர் தெரியும். டேட்டா போய்விட்டதென்று பதறி அந்தக் காலி ஃபோல்டரில் பேக்கப்பைக் கொட்டிவிடாதீர்கள். அது சர்வரின் சிஸ்டம் டிஸ்க்கில் போய் உட்கார்ந்து, நிஜ டிஸ்க் மவுண்ட் ஆனதும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். முதலில் டிஸ்க்கை மவுண்ட் செய்து, ஷேரை மறுபடி எக்ஸ்போர்ட் செய்து, கிளையன்ட்டில் மவுண்ட்டைக் கழற்றி மாட்டுங்கள்.

சரி, எது வேண்டும்? எல்லாம் விண்டோஸ் என்றால் எஸ்எம்பிதான், ரவுட்டரில் சர்வருக்கு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் பெரிய ஃபைல்களை மணிக்கணக்கில் எழுதுகிற இடத்தில் ‘ஹார்டு’ என்எஃப்எஸ். எதுவானாலும், சர்வர் மாட்டியிருக்கும் யுபிஎஸ்ஸிலேயே ஸ்விட்ச்சையும் ரவுட்டரையும் மாட்டுங்கள்.