சேரைக் கவிழ்த்துப் பாருங்கள்

பிளாஸ்டிக் சேர் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். ஒருமுறை மொட்டை வெயிலில் நெடுநாள் கிடந்த, கம்பெனி பெயரே இல்லாத ஒரு வெள்ளைச் சேரில் கையில் காபியோடு உட்கார்ந்தேன், ஈரத் தரையில் பின்னங்கால் இரண்டும் மெதுவாக அகன்றுகொண்டே போனது, எழுந்திருக்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் மல்லாந்துவிட்டேன். அதனால் இத்தாலியில், வெரோனாவில் ஒரு விடுதி முற்றத்தில் நார்டி என்ற நிறுவனத்தின் 'நெட்' சேரைக் காட்டி உட்காரச் சொன்னபோது முதலில் கையை ஊன்றி அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. மழை விட்டுப் பத்து நிமிடம்தான் இருக்கும், பக்கத்திலிருந்த பெஞ்சில் தண்ணீர் குளமாக நின்றது, இதிலோ துளைகளின் விளிம்பில் நாலைந்து சொட்டு மட்டும். கைக்குட்டையால் ஒரு துடை, அவ்வளவுதான்.

நெட் என்றால் வலை. இருக்கை, முதுகு எல்லாமே சல்லடை போலத் துளை. வடிவமைத்தவர் ரஃபாயெல்லோ கலியோத்தோ. நார்டி 1990-இல் தொடங்கிய நிறுவனம், விச்சென்சா மாகாணத்தில் கியாம்போ என்ற ஊர். கலியோத்தோ 1967-இல் பிறந்ததும் அதே கியாம்போவில்தான். பெரிய பெயர் வேண்டுமென்று வருடத்துக்கு ஒரு நட்சத்திர வடிவமைப்பாளரைப் பிடித்து வரும் கம்பெனிகள் இத்தாலியில் நிறைய உண்டு. இவர்கள் பக்கத்துத் தெருக்காரர் ஒருவரையே பல வருடங்களாக நம்பியிருக்கிறார்கள். நெட், போரா, ரியோ, லிபெச்சோ, ஃபோலியோ, கொமோதோ, டோகா என்று பட்டியலைப் புரட்டினால் கீழே அதே பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

கியாம்போ இருக்கும் பள்ளத்தாக்கு பளிங்குக்குப் பேர்போனது. கலியோத்தோவும் கல்லை விடவில்லை, வெரோனாவில் நடக்கும் மார்மோமாக் கல் கண்காட்சியில் கணினி இயந்திரங்களால் செதுக்கிய பளிங்கு வேலைகளைப் பல முறை வைத்திருக்கிறார். கல்லில் வேண்டாததை வெட்டி எடுக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் வெற்றிடத்தைச் செய்து வைத்துவிட்டு அதை நிரப்ப வேண்டும். இரண்டும் நேரெதிர். இரண்டு பக்கமும் கை பழகியவர் என்பது சேரைக் கவிழ்த்தால் தெரிகிறது.

ஆமாம், கவிழ்த்தேன். விடுதிக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், பரவாயில்லை. பிளாஸ்டிக் சேரின் முகம் மேலே இல்லை, அடியில்தான் இருக்கிறது. உருகிய பாலிபுரொப்பிலீனை அழுத்தத்தோடு எஃகு மோல்டுக்குள், அதாவது அச்சுக்குள், செலுத்தி, குளிர வைத்து, மோல்டைத் திறந்து சேரை எடுக்கிறார்கள். எங்காவது தடிமன் கூடினால் அந்த இடம் மட்டும் மெதுவாகக் குளிர்ந்து மேற்பரப்பில் குழி விழும். அதனால் இந்த வகைச் சேரின் கால் கட்டையாக இருக்காது, உட்புறம் வாய்க்கால் போலக் குழிந்திருக்கும். வலு வேண்டிய இடத்தில் மெல்லிய விலா எலும்புகளை ஓட்டுவார்கள்.

துளை விஷயம் இதைவிடச் சிக்கல். சேரிலுள்ள ஒவ்வொரு துளைக்கும் மோல்டுக்குள் ஒரு எஃகு முளை நிற்கிறது. உருகி வரும் பிளாஸ்டிக் அந்த முளையில் இரண்டாகப் பிரிந்து, சுற்றி வந்து, பின்னால் மறுபடி ஒட்டுகிறது. ஒட்டுகிற அந்தக் கோடுதான் பலவீனம். ஆக சேர் முழுக்கத் துளை என்றால் சேர் முழுக்க ஒட்டுக்கோடு என்று அர்த்தம். போதாக்குறைக்கு, மோல்டு திறக்கிற திசைக்கு ஒத்துத்தான் முளைகள் நிற்க முடியும், முதுகோ வளைந்து போகிறது. திசை மாறினால் மோல்டுக்குள் நகரும் பாகங்கள் வைக்க வேண்டும், செலவு ஏறும். காகிதத்தில் அழகாக வலை வரைந்து அனுப்பிவிட்டுப் போகிற ஆளால் இதைச் செய்ய முடியாது. மோல்டு செய்கிறவரோடு உட்கார்ந்து, இந்தத் துளையைக் கொஞ்சம் நகர்த்து, அந்த விளிம்பைத் தடித்துவிடு என்று வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவருக்குத்தான் இது கைவரும். எல்லாத் துளைக்குப் பிறகும் என் எடைக்கு அது முனகக்கூட இல்லை, பிளாஸ்டிக்கில் கண்ணாடி இழை கலந்திருப்பதும் ஒரு காரணம்.

பாலிபுரொப்பிலீனே இத்தாலிக்குச் சொந்தமான சரக்குதான் என்று சொல்லலாம். மிலானில் ஜூலியோ நாத்தா 1954-இல் இதைப் பயன்படும் வடிவத்தில் உருவாக்கி, 1963-இல் கார்ல் சீக்லருடன் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் இதற்கு வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் மூலக்கூறுச் சங்கிலியை அறுத்துக்கொண்டே போகும், தடவினால் கையில் சுண்ணாம்பு போலப் பொடி ஒட்டும். என்னைத் தள்ளிவிட்ட வெள்ளைச் சேரின் கதையும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நார்டி கதிரைத் தாங்கும் பொருளைக் கலக்கிறது, நிறத்தையும் மேலே பூசாமல் உள்ளேயே கலக்கிறது. கீறினால் உள்ளேயும் அதே நிறம்.

நார்டி தன் சாமான்களுக்கு வைத்த பெயர்கள் எனக்குப் பிடித்தன. போரா, லிபெச்சோ, லெவாந்தே, மாயெஸ்த்ராலே எல்லாம் இத்தாலியில் காற்றின் பெயர்கள். லெவாந்தே கீழைக்காற்று, நம் கொண்டல். போரா வடகிழக்கிலிருந்து வரும் குளிர்காற்று, வாடை என்று வைத்துக்கொள்ளலாம். தென்றல் என்று ஒரு சேர் விற்றால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

ரியோ மேசையும் நல்ல வேலை. 140 சென்டிமீட்டர் மேசை 210 ஆக நீளும். எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ள ஒரு ஆளைக் கூப்பிடாமல் தனியாகவே இழுத்துவிட்டேன்.

கொமோதோ சோபாதான் எனக்கு ஒட்டவில்லை. துண்டு துண்டாகச் சேர்த்து எப்படி வேண்டுமானாலும் நீட்டலாம், மடக்கலாம், அது வசதிதான். ஆனால் மெத்தையை எடுத்துவிட்டால் பழக்கூடைகளை வரிசையாகக் கவிழ்த்தது போல இருக்கிறது. நெட்டில் சட்டமும் இருக்கையும் ஒன்றே, இதில் சட்டம் தனி, சுகம் தனி. அப்புறம் ஒரே ஆள் இத்தனை காலம் வரைந்தால் வருகிற குறையும் உண்டு, எல்லாம் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன, நடுவில் வேறு யாராவது வந்து ஒரு குறும்பு செய்ய மாட்டார்களா என்று தோன்றுகிறது. தங்கள் பொருளை நூறு சதவீதம் மறுசுழற்சி செய்யலாம் என்று நார்டி சொல்வதையும் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கை அரைத்து உருக்கும்போது இழை ஒவ்வொரு முறையும் உடைந்து குட்டையாகும், முதல் வலு வராது.

விலை சாதாரண பிளாஸ்டிக் சேரைவிடக் கூடத்தான். நான் தருவேன். நெட்டையே தாழ்வாகவும் அகலமாகவும் செய்த நெட் ரிலாக்ஸ் எடுப்பதா, பீப்பாய்ப் பலகைகளை அடுக்கிய மாதிரி வரும் டோகா ரிலாக்ஸ் எடுப்பதா என்பதில்தான் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. எனக்கு நெட். அவளுக்கு டோகா, துளைக்குள் சேரும் தூசியை யார் துடைப்பது என்று கேட்கிறாள், இதுவரை என்னிடம் பதில் இல்லை.