கூகுள் அனலிட்டிக்ஸ் 4, மாட்டோமோ: வணிக அறிக்கைக்கு எது?

இணையதளத் தரவைக் கொண்டு வணிக அறிக்கை தயாரிப்போர், தள வருகைகளை அளக்கும் கருவிகளான கூகுள் அனலிட்டிக்ஸ் 4, மாட்டோமோ ஆகிய இரண்டையும் ஒப்பிடும்போது, வசதிகளின் பட்டியலைவிட, ஒரே அளவீட்டை அவை எவ்வாறு கணக்கிடுகின்றன என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல், 10 விநாடிக்கு மேல் நீடித்த வருகையோ, குறைந்தது இரண்டு பக்கங்களைப் பார்த்த வருகையோ, முக்கிய நிகழ்வு (வாங்குதல் போல, நிறுவனம் முக்கியமெனக் குறித்த செயல்) பதிவான வருகையோ ஈடுபாடுள்ளதாகக் கருதப்படுகிறது. எஞ்சியவை மட்டுமே பவுன்ஸ் விகிதத்தில், அதாவது ஈடுபாடின்றி வெளியேறிய வருகைகளின் விகிதத்தில், சேரும். மாட்டோமோவோ ஒரே செயலுடன் (ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது போல) முடிந்த வருகையைப் பவுன்ஸ் என்றே கொள்கிறது. ஆகவே, நீண்ட கட்டுரை ஒன்றை ஊன்றிப் படித்துவிட்டு வெளியேறும் வாசகர் முன்னதில் ஈடுபாடுள்ளவராகவும் பின்னதில் பவுன்ஸாகவும் பதிவாவார். கருவியை மாற்றிய மாதத்தில் இந்த விகிதம் திடீரென உயர்ந்தால், வாடிக்கையாளர் விலகிவிட்டார் என்று நிர்வாகத்திடம் சொல்வது தவறான விளக்கம். (இத்தகைய விளக்கங்கள் கூட்டங்களில் வியப்பூட்டும் உறுதியுடன் முன்வைக்கப்படுவதுண்டு.)

விளம்பரச் செலவை கூகுள் ஆட்ஸ் வழியே செய்யும் நிறுவனத்துக்கு முதலாவதன் இணைப்பு மறுக்க முடியாத பலம். ஆனால் அதன் இலவசப் பதிப்பில், விரிவான அலசலுக்குரிய ஆய்வுப் பகுதிக்கான (Explorations) தனித்தனிப் பயனர் தரவு அதிகபட்சம் 14 மாதங்களே தங்கும். கூடுதல் காலத்துக்கு, கூகுளின் தரவுச் சேமிப்புக் கிடங்கான பிக்குவெரிக்கு முன்கூட்டியே ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும். 2007-இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கிய மாட்டோமோவைச் சொந்த சர்வரில் நிறுவினால், மூலத்தரவு முழுவதும் நிறுவனத்தின் கையிலேயே இருக்கும், பராமரிப்புச் சுமையும் அப்படியே. பல ஆண்டுப் போக்கை ஆராய்வோருக்கு அந்தச் சுமை தகும் என்பதே என் கணிப்பு.